வட்டவடைக் குளிருக்கு எந்த பேட்டரி?

"மாமா, உங்க பழைய கேமராவுக்கு எந்த பேட்டரி போடறது? கடையில இருக்கறதையே வாங்கினா பத்தாதா?"

அக்கா மகள் ஊரிலிருந்து கேட்டது. இரண்டாயிரங்களில் வந்த குட்டி டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது சின்னப் பிள்ளைகள் மத்தியில் மறுபடி மவுசு. போன லீவில் நான் கொண்டுபோய்க் கொடுத்தது அவள் கையில் இருக்கிறது. இரண்டு ஏஏ செல் (நம்ம ஊர் பென்டார்ச் செல் சைஸ்) போடுகிற ரகம். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சார்ஜ் செய்கிற பேட்டரிதான். காரணம் காசு மட்டும் இல்லை.

முதலில் குளிர். கேமரா அட்டைப்பெட்டியில் "இத்தனை படம் எடுக்கலாம்" என்று போட்டிருப்பார்களே, அது ஜப்பானின் சிபா என்கிற அமைப்பு வகுத்த சோதனை முறைப்படி வந்த எண். 23 டிகிரி வெப்பத்தில், திரையை எரியவிட்டு, ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு பிளாஷ் அடித்துப் பார்ப்பார்கள். வட்டவடையில் ஜனவரி காலையில் பூண்டுப் பாத்தியில் பனி உறைந்து கிடக்கும்போது 23 டிகிரிக்கு எங்கே போவது?

கேமரா என்பது சுவர்க்கடிகாரம் மாதிரி இல்லை. கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். கேமராவோ லென்ஸை நீட்டும்போதும் பிளாஷ் ஏற்றும்போதும் மடமடவென்று இழுக்கும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான ஜிங்க்-கார்பன் செல்லால் அது முடியாது. ஏழெட்டுப் படத்திலேயே கேமரா கண்ணை மூடிவிடும். அல்கலைன் பரவாயில்லை. ஆனால் அதன் வோல்டேஜ் 1.5-ல் தொடங்கி சீராக இறங்கிக்கொண்டே வரும். குளிரில் உள்ளே ரசாயன ஓட்டம் மந்தமாகி இன்னும் சீக்கிரம் இறங்கும். செல்லில் சக்தி மிச்சம் இருக்கும்போதே கேமரா "தீர்ந்தது" என்று சொல்லிவிடும். (அப்போது கழற்றி கொஞ்ச நேரம் உள்பாக்கெட்டில் சூடாக வைத்துப் போட்டால் இன்னும் நாலு படம் எடுக்கலாம்.)

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்கிற சார்ஜ் பேட்டரிக்கு 1.2 வோல்ட்தான். "குறைவாக இருக்கிறதே" என்று பலர் ஒதுக்குவது இதனால்தான். ஆனால் கடைசிவரை ஏறக்குறைய அதே 1.2-ல் நிற்கும், கேட்ட வேகத்தில் மின்சாரம் கொடுக்கும். அந்தக் கால கேமராக்களில் அல்கலைன் ஜோடி நூறு படம் கொடுத்தால், இது முந்நூறு கொடுக்கும்.

"சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடுமே?" என்பது பழைய குறை. மாதத்துக்குக் கால் பங்கு போய்விடும் என்ற நிலை இருந்தது உண்மை. 2005-ல் சான்யோ கம்பெனி எனிலூப் கொண்டுவந்த பிறகு கதை மாறிவிட்டது. வருஷம் கழித்தும் பெரும்பங்கு சார்ஜ் அப்படியே இருக்கிற ரகம் இப்போது பல கம்பெனிகளில் கிடைக்கிறது. அதிலும் குளிர்ந்த ஊரில் இறக்கம் இன்னும் குறைவு. குளிர் நமக்குச் சாதகமாக இருக்கும் ஒரே இடம் இது :-)

காசுக் கணக்கு: நல்ல சார்ஜரும் நாலு செல்லும் சேர்த்து இருபது ஜோடி அல்கலைன் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஜோடியில் இரண்டாயிரம் படம். சார்ஜ் பேட்டரியில் ஏழு தடவை சார்ஜ் போட்டால் அதே இரண்டாயிரம் வந்துவிடும். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம் எனும்போது மீதியெல்லாம் லாபம்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. ஜெர்மனியில் பேட்டரி விற்கிற கடை பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்; நான் காய்கறி வாங்கும் கடையின் வாசலிலேயே பெட்டி இருக்கிறது. இந்தியாவில் 2001 விதிகள் கார் பேட்டரி மாதிரியான ஈய பேட்டரிகளை மட்டும்தான் கவனித்தன. 2022-ல் வந்த விதிகள்தான் சின்ன செல்லையும் சேர்த்து, அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. ஆனால் அந்தப் பெட்டி இன்னும் நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலுக்கு வரவில்லை. தீர்ந்த செல் எங்கே போகிறது? ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கு, இல்லாவிட்டால் குப்பையோடு அடுப்புக்கு. நம் மண்ணில் விழுவது நம்மோடு நிற்பதில்லை. சிலந்தியாற்றில் தடுப்பணை கட்டுவதா என்று 2024-ல் இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டியதே, அந்தத் தண்ணீர் அமராவதி அணைக்குப் போகிறது; உடுமலைக்காரர்கள் குடிக்கிறார்கள், பாய்ச்சுகிறார்கள். நாலு செல்லால் ஆறு கெட்டுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். இருபது ஜோடியை எறிவதற்குப் பதில் நாலு செல்லைப் பல வருஷம் வைத்திருக்க முடியும் என்றால், அதைச் செய்யாமல் இருக்க ஒரு நியாயமும் தோன்றவில்லை.

அதற்காக வீட்டில் எல்லாவற்றுக்கும் சார்ஜ் பேட்டரி வேண்டாம். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதா செல் போதும்.

மருமகளுக்கு நாலு வார்த்தை:

1. இரண்டு ஜோடி வாங்கு. ஒன்று கேமராவில், ஒன்று உள்பாக்கெட்டில்.

2. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துத் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் வாங்கு. உறைகிற குளிரில் சார்ஜ் போடாதே. மழைக்காலத்தில் கரண்ட் இருக்கும்போதே ஏற்றிவிடு.

3. ஏஏ சைஸிலேயே 3.7 வோல்ட் லித்தியம்-அயான் செல் ஒன்று விற்கிறார்கள். அதைப் போட்டால் கேமரா போய்விடும். அவசரத்துக்கு வேண்டுமானால், சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் ஒரு ஜோடி வைத்துக்கொள். விலை அதிகம், ஆனால் கடுங்குளிரிலும் வேலை செய்யும், வருஷக்கணக்கில் கெடாது.

4. எடுக்காத நாளில் செல்லைக் கழற்றி வை. அல்கலைன் கசிந்தால் உள்ளே தகடு அரித்துவிடும். இந்த கேமராவுக்கு இனி உதிரிபாகம் கிடையாது.

2006-லும் 2018-லும் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். கொட்டாக்கம்பூர் மலையில் அன்றைக்கு கேமராவைத் திறந்தால் அது வேலை செய்ய வேண்டும். எனக்கும் ரெண்டு படம் அனுப்பு.