பிளேட் போச்சு சார்!

டூவீலர் மெக்கானிக் கடைகளில் தினமும் வழங்கப்படும் தீர்ப்பு இது: "கிளட்ச் பிளேட் போச்சு சார், மாத்திடலாம்." வண்டி 8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போச்சு என்று கேட்டால் அதற்கும் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு: "நீங்க ஹாஃப் கிளட்ச்ல ஓட்றீங்க." அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. கைக்காசைக் கொடுத்துப் புதுப் பிளேட் போட்டுக்கொண்டு போனவர் நாலைந்து மாதத்தில் அதே கடையில், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இந்த முறையும் பழி அவருடைய இடது கை மேல்தான்.

இடது கை நிஜமாகவே குற்றவாளியாக இருப்பதும் உண்டு, மறுப்பதற்கில்லை. மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல் கிளட்சைப் பாதி விட்டு வண்டியை நிறுத்தி வைப்பது, லீவர் மேல் இரண்டு விரலை நிரந்தரமாகக் குடிவைப்பது, சோம்பல்பட்டு இரண்டாம் கியரில் கிளம்புவது, எல்லாமே பிளேட்டைத் தின்னும். ஆனால் இந்த வண்டியில் தின்றது அதுதானா என்று யாராவது பார்த்தார்களா? காய்ச்சல் என்று வந்தவரைத் தொட்டும் பார்க்காமல் "மழையில நனைஞ்சிருப்பீங்க" என்று சொல்லி ஊசி போடுகிற டாக்டரை ஊரே திட்டும். மெக்கானிக் அதையே செய்தால் "அண்ணன் கை வெச்சாலே கண்டுபிடிச்சிடுவார்" என்று பெருமை வேறு!

சரி, கிளட்ச் வழுக்குகிறது என்றால் என்ன? இன்ஜின் சத்தம் எகிறும், வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. நம்மூர் 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது என்பதால் காதுதான் மீட்டர். காலியான ரோட்டில் டாப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது திராட்டிலை நன்றாகத் திறந்தால் தெரிந்துவிடும். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கோளாறு பெட்ரோல், ஏர் ஃபில்டர், பிளக் பக்கம் இருக்கலாம். பின் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அதைக்கூடச் செய்யாமல் கிளட்ச் கவரைக் கழற்றுகிற கடைகள் உண்டு.

வழுக்கல் உறுதியானால் அடுத்து பார்க்க வேண்டியது கேபிள். லீவரைப் பிடித்தவுடன் கொஞ்ச தூரம் சும்மா வர வேண்டும், அதன் பிறகுதான் இழுவை தெரிய வேண்டும். ஃப்ரீ ப்ளே என்பார்கள். பல வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும், சரியான அளவு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கிறது. இந்த இடைவெளியே இல்லையென்றால், யாரோ ஒருவர் இருபத்துநாலு மணி நேரமும் லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஸ்பிரிங் பிளேட்டுகளை முழு பலத்தோடு அழுத்தாது. பிளேட் வழுக்கும், சூடாகும், தேயும். இதில் கொடுமை என்னவென்றால், பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி இன்னும் குறையும். அதாவது தேய்மானமே தேய்மானத்தை வளர்க்கும். அட்ஜஸ்டரை நாலு சுற்று திருப்பியிருந்தால் தப்பியிருக்க வேண்டிய வண்டிகள் எத்தனையோ!

"கிளட்ச் டைட்டா வைங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் நம்ம காலேஜ் பார்ட்டிகளும் இந்தப் பட்டியலில் உண்டு :) ஸ்டைலுக்கு ஹேண்டில்பார் மாற்றியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பும்போது ஃப்ரீ ப்ளே காணாமல் போனால், கேபிள் போகிற வழியே தப்பு. அதற்குப் பிளேட் என்ன செய்யும் பாவம்.

அடுத்த சந்தேக நபர் ஆயில். நம்முடைய பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கும். காரில் அப்படி இல்லை. அதனால் எரிபொருள் மிச்சத்துக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலந்த கார் ஆயில், காருக்கு நல்லது, பைக் கிளட்சுக்கு எமன். பிடிக்க வேண்டிய இடத்திலும் வழுக்க வைத்துவிடும். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998-ல் ஜாஸோ டி 903 என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று இருந்தால் இந்த மாதிரி கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஆயிலில் நனையும் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. 10டபிள்யூ30 என்ற எண் ஆயிலின் கெட்டித்தன்மையைத்தான் சொல்லும், கிளட்சைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே "அதே நம்பர்தான் சார், ஊத்திக்கலாம்" என்பது பதிலே ஆகாது. தப்பான ஆயிலை மாற்றினாலே சில வண்டிகள் தேறிவிடும். சிலவற்றில் பிளேட் அதை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வராது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்பானருக்கு வேலை. கழற்றிய பிளேட்டுகளே கதை சொல்லும். உராய்வுப் பிளேட்டின் தடிமனை வெர்னியரில் அளக்கலாம். தடிமன் சரியாக இருந்து மேல்பரப்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால், அது தேய்ந்த பிளேட் இல்லை, வெந்த பிளேட். இடையில் இருக்கும் ஸ்டீல் பிளேட் நீலம் பாரித்திருந்தால் நிறைய சூடு வாங்கியிருக்கிறது, வளைந்திருக்கவும் கூடும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் ஸ்பிரிங்கும் தளர்ந்து நீளம் குறைந்திருக்கலாம். புதுப் பிளேட், பழைய சோனி ஸ்பிரிங் என்ற கூட்டணிதான் பலரை நாலைந்து மாதத்தில் திரும்ப வரவழைக்கிறது. பிளேட்டின் காதுகள் உட்காரும் ஹவுசிங் பள்ளங்களில் குழி விழுந்திருந்தால் பிளேட்டுகள் சிக்கிச் சிக்கி நகரும். கிளட்ச் பிடித்தாலும் வண்டி முன்னால் ஊர்வது, நியூட்ரல் விழ மறுப்பது எல்லாம் இதனாலும் வரலாம்.

பைக்கையே நம்பிப் பிழைப்பவர்களுக்குத்தான் இதில் அடி அதிகம். உணவு டெலிவரி செய்கிறவரின் வண்டி ஒரு நாள் கடையில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு, பிளேட் காசு தனி. கம்பெனி வாரண்டியிலும் கிளட்ச் பிளேட் பொதுவாக 'தேயும் பாகம்' என்ற கணக்கில் தள்ளப்படுகிறது. தேயும் பாகம்தான், சரி. 8,000 கிலோமீட்டரில் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு அது பதிலா?

மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிளேட் மாற்றினால் கூலி உண்டு. அரை மணி நேரம் செலவழித்து "கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்தாங்க" என்று சொன்னால், "இதுக்கா காசு?" என்று கேட்டுவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிப் போகிறவர்கள்தானே நாம்? பார்த்துச் சொல்வதற்கும் ஐம்பதோ நூறோ கொடுக்கிற பழக்கம் வராதவரை, பார்க்காமல் மாற்றுவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும்.

அதுவரைக்கும் ஒரு வேலை செய்யலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய பிளேட்டுகளைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பிளேட்டையும் பழையதையும் பக்கத்தில் வைத்து அதே கடை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் வந்தால், பில்லை நீட்டும் முன் கேபிளையும் ஆயில் டப்பாவையும் ஸ்பிரிங்கையும் அவர் பார்க்கட்டும்.