காணாமற் போனவர்

கிளிவெட்டியிலும் அதன் அயலூர்களிலும் முதியோரின் வயதைக் கணக்கிட ஒரு காலத்தில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளம். மற்றொன்று, 'சப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்'. பிறப்புப் பதிவு கையில் இல்லாதவர்கள், "குண்டு போட்ட வருஷம் நான் தவழுகிற பிள்ளை" என்று சொல்லிவிட்டால் போதும். கேட்டவர் விரல் மடித்துக் கணக்கை முடித்துவிடுவார். சிறு வயதில் இதனைக் கேட்டு வளர்ந்த நாம், அந்த வருஷம் எது, அன்று நடந்தது யாது என்று தேடிப் படித்ததெல்லாம் வெகு காலத்தின் பின்னரே.

அது 1942ஆம் ஆண்டு. ஏப்ரல் 9, வியாழக்கிழமை. பங்குனி முடிந்து புத்தாண்டு பிறக்க நான்கைந்து நாள்களே இருந்தன. கொட்டியாரப்பற்றில் பெரும்போக வேளாண்மை வெட்டிக் களம் அடங்கியிருக்கும் காலம். காலை ஏழரை மணியளவில், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும், சீனக்குடா விமானத் தளத்தின் மீதும் பாய்ந்தன. முந்திய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய புச்சிடாவே அன்றும் தலைமை தாங்கினார். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயலும் வெளியுமாய்க் கிடக்கும் நமது ஊரிலிருந்து பார்த்தவர்க்கு வடதிசை வானத்துப் புகை தெரியாமற் போயிருக்க வழியில்லை.

சீனக்குடாவிலே பிரித்தானிய விமானப் படையின் 261ஆம் அணி இருந்தது. அதன் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன, எட்டு வீழ்ந்தன. துறைமுகத்தில் ஸகாயிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றி அழிந்தது. (முக்கால் நூற்றாண்டு நீரின் அடியிற் கிடந்த அக்கப்பலை இலங்கைக் கடற்படையினர் 2018இல் மேலே கொணர்ந்தார்கள்.) எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து வெடித்தது. அதில் இருந்தவர் வத்தனாபே என்பவரும் அவர்தம் தோழர் இருவருமென்று திருகோணமலை வழக்கு கூறும். வேண்டுமென்றே பாய்ந்தாரா, அடிபட்ட விமானம் தானே விழுந்ததா என்று இன்றும் வாதிடுவோர் உளர். உருகி வளைந்த இரும்பு மட்டும் அங்கே சாட்சியாய்க் கிடக்கின்றது. துறைமுகத்தில் வேலைக்கு நின்ற நம்மவரும் அன்று மாண்டனர். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் நாம் கண்டதில்லை.

இவையெல்லாம் நகரத்தார் அறிந்த கதை. நாம் இன்று நினைக்க விரும்புவது, அன்று காலை இவர்கள் எவர் கண்ணிலும் படாமல் கடலின் நடுவே மறைந்த ஒருவரை.

காலிக்கு அண்மையில் கொக்கல என்றொரு வாவி உண்டு. அங்கே கனடிய விமானப் படையின் 413ஆம் அணியினர் கற்றலினா என்னும் பறக்கும் படகுகளை வைத்திருந்தனர். நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் பெரிய விமானம் அது. இருபது மணி நேரத்துக்கு மேலும் வானில் நிற்கவல்லது. ஆனால் வேகம் குறைவு. ஜப்பானியரின் ஸீரோ விமானம் துரத்தினால் தப்புவது அரிது. அதன் தொழில் போரிடுவதன்று, பார்ப்பது. எதிரிக் கப்பல்களைக் கண்டதும் அவை எத்தனை, எங்கே, எத்திசையில், என்ன வேகத்தில் வருகின்றன என்று கம்பியில்லாத் தந்தியிற் சொல்லவேண்டும். சொல்வதற்கு அருகே போகவேண்டும்; போனால் அகப்படவும் வேண்டும். இதைவிடக் கொடிய தொழிலை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பதற்கில்லை.

ஏப்ரல் 4ஆம் நாள் அப்படிச் சென்றவர் லெனார்ட் பேர்ச்சல். அவர் கப்பற்படையைக் கண்டார், செய்தி அனுப்பினார், சுட்டு வீழ்த்தப்பட்டார். ஆனால் உயிர் தப்பிச் சிறைப்பட்டு, போர் முடிந்து நாடு திரும்பி, 2004ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். 'இலங்கையைக் காத்தவர்' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தகும், மறுப்பாரில்லை.

ஐந்து நாள் கழித்து, திருகோணமலை எரிந்த அதே காலையில், அதே அணியைச் சேர்ந்த தாமஸ் என்னும் பிளைட் லெப்டினன்ட் மற்றொரு கற்றலினாவில் அதே கப்பற்படையைக் கண்டார். கண்டதை அறிவித்தார். அதன் பின்னர் அவ்விமானத்திலிருந்து ஓசை இல்லை. அவரும் உடன் சென்றோரும் மீளவில்லை. செய்த தொழில் ஒன்று, அணி ஒன்று, எதிரியும் ஒன்று. ஒருவருக்குப் பட்டம் கிடைத்தது, மற்றவரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அதே நாளில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பி, அக்கப்பல்களின் மேல் குண்டெறியச் சென்ற ஒன்பது பிளென்ஹைம் விமானங்களுள் ஐந்து அழிந்தன. ஒரு கப்பலிலும் குண்டு படவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கி முந்நூற்றேழு பேருடன் மூழ்கியதும் அன்றுதான். விமானந்தாங்கி என்று பெயர். ஆயினும் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை.

இக்கதையை நாம் படித்துவிட்டு வீட்டிலே சொன்னபோது, எம் பாட்டியார் கப்பலைப் பற்றியும் கேட்கவில்லை, ஜப்பானைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் தாய்க்கு எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை எளிதன்று. உடல் கிடைக்காத வான்படை வீரரின் வீட்டுக்கு முதலிற் போகும் தந்தியில் 'இறந்தார்' என்ற சொல் இராது. 'காணாமற் போனார்' என்றே இருக்கும். மாதங்கள் கழியும். சிறைப்பட்டோர் பட்டியல் வரும். அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேர்ச்சலைப் போல் உயிரோடு இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஒரு வீட்டை எவ்வளவு காலம் தூங்கவிடாது! பின்னரே, இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று மற்றொரு கடிதம் வரும். கொள்ளப்படுகிறார், அவ்வளவே.

பாட்டியார் அதைக் கேட்டு வியக்கவில்லை. காணாமற் போதல் என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாத ஊர் எங்களுடையது. சம்பூரிலிருந்து 2006இல் பெயர்ந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தன. அம்முகாமிலும், எங்கள் தெருக்களிலும், படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்த தாய்மாரை நாம் அறிவோம். திதி தெரியாதவனுக்கு எந்த நாளில் படைப்பது?

தாமஸின் வீட்டாருக்கு அந்த ஒன்றாவது தெரியும்: ஏப்ரல் 9.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. பதவி பெரிது சிறிது என்று பாராமல், அனைவரையும் ஒரே தரமாக வைத்துப் பேணுகிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். பெயரையும் வயதையும் வாசிக்கச் சொல்லலாம். பெரும்பாலான வயதுகள் இருபதுகளில் நிற்கும். ஆனால் கடலில் மறைந்த வான்படையினருக்கு அங்கே கல் இல்லை. இப்பகுதிக் கடல்களில் உடல் கிடைக்காமற் போனவர்களின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி என்னும் இடத்துச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள், இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சிங்கப்பூரில் உறவினர் உள்ள நம் வாசகர்கள் பலர். அங்கே செல்வோர், 1942, ஏப்ரல் 9 என்று சொல்லி அவ்விடத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

பாட்டியார் அன்று மாலை விளக்கேற்றும்போது வழக்கத்துக்கு மேலாக ஒரு திரி வைத்தார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை.