ஒட்டிக்கொண்டால் போதுமா?

போடிநாயக்கனூரில் ஒரு பையன் முழங்காலில் அடிபட்டு விழுந்தால் வீட்டில் வரும் முதல் பேச்சு, "சுளுக்காத்தான் இருக்கும்." அடுத்தது, "சின்னப் புள்ள எலும்பு, தானா ஒட்டிக்கும்." முதலாவது பல நேரம் தவறு. இரண்டாவது உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

குழந்தையின் தொடை எலும்பின் அடிமுனையிலும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. தொடை எலும்பு வளரும் நீளத்தில் சுமார் 70 சதவீதம் அந்த அடிமுனைத் தட்டின் வேலை. பெரியவருக்கு மூட்டு நார் கிழிகிற அதே அடியில், குழந்தைக்கு நாரைவிட பலவீனமான இந்தத் தட்டு உடைந்துவிடும். எக்ஸ்ரேயில் தட்டு எப்போதும் கறுப்புக் கோடாகவே தெரிவதால், விலகாத முறிவு கண்ணுக்குத் தப்பலாம். டொரண்டோவின் சால்டரும் ஹாரிஸும் இம்முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டியது 1963-இல். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நம் தெருவில் இன்னும் 'சுளுக்கு'தான்!

உடைந்த தட்டின் குறுக்கே எலும்புப் பாலம் விழுந்தால் அங்கே வளர்ச்சி நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் கால் கோணும். முழுவதும் நின்றால் குட்டையாகும். 10 வயதில் பட்ட அடியின் கோணல் 11, 12 வயதில்தான் தெரியவரும்.

எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதற்கு வக்காலத்து வாங்குவோர், "எங்க தாத்தாவுக்குச் சரியாச்சே!" என்கிறார்கள். தாத்தாவுக்கு வளர்ச்சித் தட்டு ஏது? உருவினால் தட்டு மேலும் நசுங்கும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கும்போது இறுக்கிக் கட்டினால் காலே போகலாம்.

விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. தேனிக்கு அப்பால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மாவுக்கட்டு பிரித்ததோடு கதை முடிந்தது என்று அவளை நினைக்கவிடும் ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அடிபட்டு ஊன்ற முடியாத குழந்தைக்கு அன்றைக்கே எக்ஸ்ரே வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டாவது, இரு கால்களையும் அளந்து பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளைப் பள்ளிக்கூடம் குறித்து வைத்து நினைவூட்டினால்கூட பாதி வேலை முடிந்தது. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் பிள்ளைகள் நாளெல்லாம் ஏறி இறங்குவது மலைச்சரிவு. அங்கே கோணல் காலோடு காலம் தள்ளுவது லேசா?

"ஒட்டிருச்சா?" என்று கேட்டது போதும். இனி "வளருதா?" என்று கேளுங்கள்!