வியாபாரிகளும் மந்திரிகளும்

காஞ்சீபுரத்துப் பட்டுப் புடவையின் விலை பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் மட்டும் நிர்ணயமாகும் விஷயமன்று. டில்லி சர்க்கார் ஒரு தீர்வையை மாற்றினால் அதன் வேகம் நெசவாளி வீட்டு அடுப்பு வரையில் எட்டுகிறது. கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை 2011-ல் நூற்றுக்கு 30-லிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. 2013-ல் 15 ஆக உயர்ந்தது. பின்னர் 10 ஆக இருந்ததை 2021-ல் மீண்டும் 15 ஆக்கினார்கள். தீர்வை ஏறினால் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்குப் பாதுகாப்பு; இறங்கினால் நெசவாளிக்கு நூல் மலிவு. இரு திறத்தாரும் நமது ஜனங்களே. இருவரும் தத்தம் நியாயத்தைச் சர்க்காரிடம் எடுத்துரைக்கத்தான் வேண்டும். அதைக் குற்றமென்று எவரும் சொல்லமாட்டார். எந்த வழியில், யார் பெயரால், யார் கண்முன் எடுத்துரைக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

தொழில் முதலாளிகள் ராஜாங்கக் கொள்கையை வளைப்பது நமக்குப் புதிதன்று. 1896-ல் இந்திய ஆலைத் துணிமீது நூற்றுக்கு 3½ வீதம் உள்நாட்டு வரி விதிக்கப்பட்டது. லங்காஷயர் முதலாளிகள் பிரிட்டிஷ் பார்லிமெண்டை நெருக்கியதன் பலன் அது. அவர்களுக்கு அங்கே வோட்டு இருந்தது, நமக்கு இல்லை. அந்த அநீதி ஒழிய 1926 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

சுயராஜ்யம் வந்த பிறகு கைத்தறிக்காரர் தமது குரலைக் கேட்கச் செய்த காலமும் உண்டு. சென்னை முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி, வேஷ்டியும் புடவையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டுமென்று மத்திய சர்க்காரிடம் வாதாடினார். காஞ்சீபுரத்து நெசவாளர் சமூகத்தில் பிறந்த அண்ணாதுரை, 1953 ஜனவரியில் திருச்சி வீதிகளிலே கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் இவ்விஷயத்தில் பகிரங்கமாகவே பாடுபட்டனர். ஆலை முதலாளிகளின் எதிர்ப்பால் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. எனினும் 1953-ல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு 3 பை வீதம் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. ஆலைகளின் வேஷ்டி உற்பத்திக்கும் ஓர் எல்லை கட்டப்பட்டது. யார் கேட்டார், யார் மறுத்தார் என்பது தேசத்துக்குத் தெரிந்திருந்தது.

1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் சரித்திரம் வேறு பாடம் கற்பிக்கிறது. அதன் கீழ் 22 ரகங்கள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டன. விசைத்தறிக்காரர் தொடுத்த வழக்கில் 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. மூன்றே வருஷத்தில் அந்த ஜாபிதா 11 ரகங்களாகச் சுருங்கியது. நீதிஸ்தலத்தில் பெற்ற வெற்றி காரியாலயத்திலே பாதியாயிற்று. 1992-ல் அமைந்த அகில இந்தியக் கைத்தறி போர்டும் 2020-ல் கலைக்கப்பட்டது. நெசவாளர் பிரதிநிதிகளுக்கு டில்லியில் இருந்த ஓர் ஆசனமும் போயிற்று.

இதற்கிடையே பணமுடையவர்களுக்கு வேறு வாசல் திறக்கப்பட்டது. கம்பெனிகள் தமது சராசரி லாபத்தில் நூற்றுக்கு 7½ வீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரலாகாதென்ற எல்லை 2017-ல் நீக்கப்பட்டது. 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் என்னும் திரைமறைவு நன்கொடை முறை நடந்தது. 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் செல்லாதவையென்று தள்ளியது. பின்னர் வெளிவந்த கணக்கில், கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனியே 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடம் பெற்றிருந்தது. அதில் 509 கோடி தி.மு. கழகத்துக்குச் சென்றது. எல்லாக் கம்பெனிகளின் பத்திரங்களிலும் பெருந்தொகை பெற்றது மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சி, காங்கிரஸும் பெற்றது. தறியில் கூலிக்கு உழைப்பவன் இந்தச் சந்தையில் எந்தப் பத்திரத்தை வாங்குவான்?

ஆயினும் பகிரங்க வழி அடைபட்டுவிடவில்லை. 2021 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஜவுளி வரியை நூற்றுக்கு 5-லிருந்து 12 ஆக்கத் தீர்மானித்தது. நாடெங்கும் ஜவுளி வியாபாரிகள் ஆட்சேபித்தனர். கட்சி வேற்றுமையின்றிக் குஜராத்தும் தமிழ்நாடும் வங்காளமும் எதிர்ப்பைத் தெரிவித்தன. அமுலாவதற்கு முதல் நாளாகிய டிசம்பர் 31-ல் கவுன்சில் கூடி அதை ஒத்திவைத்தது. அதே சமயம் பாதரக்ஷைமீதான வரி உயர்வு ஒத்திவைக்கப்படாமல் அமுலுக்கு வந்தது. சேர்ந்து நின்று வெளிப்படையாகக் கேட்டவர்களின் பலம் இதனால் விளங்கும்.

காஞ்சீபுரத்தார் இதிலிருந்து அறியவேண்டியது இரண்டு. முதலாவது, வரவு செலவுத் திட்டம் வெளிவந்த பின் புலம்புவதில் பயனில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பே பட்டு, ஜரிகை, கூலி ஆகியவற்றின் கணக்கோடு மகஜர் தயாரித்து, சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் கொடுத்து, அதைப் பத்திரிகைகளிலும் வெளியிடவேண்டும். இரண்டாவது, கடைக்காரரின் நன்மையும் நெசவாளியின் நன்மையும் எப்போதும் ஒன்றல்ல. விசைத்தறிப் புடவையைக் காஞ்சிப் பட்டென்று விற்பவருக்கு ஒதுக்கீட்டுச் சட்டம் தூங்குவதே லாபம். நெசவாளியின் பெயரால் வரிக்குறைப்புக் கேட்கும் தூதுக்கோஷ்டியில் நெசவாளியும் இடம்பெறவேண்டும். குறைந்த வரியில் கூலிக்குப் பங்கு என்ன என்பதும் மகஜரில் காணவேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு. அமெரிக்காவில் சட்டசபையாரை அணுகிக் காரியம் சாதிக்கும் தொழிலினர் தம்மைப் பதிவு செய்யவேண்டுமென்று 1995-ல் சட்டம் வந்தது. நமது நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. மசோதாக்களை 30 நாள் ஜனங்களின் பார்வைக்கு வைக்கவேண்டுமென்று 2014-ல் மத்திய சர்க்கார் செய்த ஏற்பாடும் சட்டமாகவில்லை. மந்திரியை இன்று சந்தித்தவர் யார், கேட்டது என்ன என்பதை நாளை ஊரார் படிக்கும்படி செய்யட்டும். நியாயமான கோரிக்கையுள்ள வியாபாரிக்கு அதனால் நஷ்டமில்லை. அதற்கு அஞ்சுகிறவர் எவரோ, அவருடைய கோரிக்கையைத்தான் நாம் சந்தேகிக்கவேண்டும்.