பல வழியும் ஒரு முறையும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு இரு வழிகள் உள. ஒன்று, கொட்டியாரக் குடாவைக் கடக்கும் கடல்வழி. மற்றொன்று, 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிண்ணியாப் பாலத்தின்மேற் செல்லும் தரைவழி. நூலொன்றின் ஏடுகளைப் படகிலும் பேருந்திலும் மாறி மாறி அனுப்பினால் என்னாகும்? பின்னேடு முந்தும், படிப்பவர் திகைப்பார்.

இன்றைய தரவு மையங்களிலும் இச்சிக்கல் உண்டு. அங்கே கணினிகளுக்கிடையே வழிகள் பல. செய்திகள் சிறு பொதிகளாய்ச் செல்லும். அவை முறைமாறிச் சேரின், இடையில் ஒன்று தொலைந்ததென மயங்கி, அனுப்பும் கணினி அதனை மீண்டும் அனுப்பும், வேகத்தையும் குறைக்கும். ஆதலின், ஓர் உரையாடலின் பொதிகள் யாவும் ஒரே வழியிற் செல்லுமாறு, முகவரி எண்களைக் கொண்டு கணக்கிட்டு வழி வகுத்தனர். ஆயின் அக்கணக்கு பாரம் அறியாது. இரு பெருஞ்சுமைகள் ஒரு வழியில் நெருக்குண்ண, மறுவழி வெறிதே கிடக்கும். பரீட்சைப் பெறுபேற்றுக்காகத் திரைமுன் காத்திருக்கும் மாணவனின் பொழுதும் இத்தகைய நெரிசலிற் கழியலாம்.

2004இல் சின்ஹா, கந்துலா, கட்டாபி ஆகிய ஆய்வாளர் ஒரு நுட்பம் கண்டனர். பொதிகள் இடையறாது வருவதில்லை. கூட்டங் கூட்டமாய் வருகின்றன. இரு கூட்டங்களின் இடைவெளி, இரு வழிகளின் கால வேறுபாட்டினும் மிகுந்தால், பின்னதை மறுவழியில் விடலாம், முறை கெடாது. படகில் முதற்கட்டு போனபின் போதிய நேரம் தாழ்த்துப் பேருந்தில் அடுத்த கட்டை அனுப்புவது போன்றதே இது. 2014இல் வெளிவந்த 'கொங்கா' என்னும் முறை, வழிதோறும் நெரிசலையும் அளந்து, இதனைத் தரவு மையத்துக்கு உரியதாக்கிற்று.

மாணவர்களே, கண்மூடிப் பங்கிடுதல் சமன் ஆகாது. பாரமும் காலமும் அறிந்து பகிர்தலே சமன் என நாம் கொள்வோம்.