கையைக் கழுவிவிட்டுப் பேசுங்கள்

2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட்-19 தீயாய்ப் பரவியபோது, லியன்ஹ சாவ்பாவ் சீன நாளேட்டில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சுத்தம் போதாது, கையால் சாப்பிடுகிறார்கள், விடுமுறையில் கும்பல் சேர்கிறார்கள். ஆகவே நோய்க்கு அவர்களே பொறுப்பு என்பது அதன் சாரம். அமைச்சர் கா. சண்முகம் அதிலிருந்த இனவாதத்தைக் கண்டித்தார். வாதம் மட்டும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மூக்கைச் சுளிப்பவர்கள், நம்மவர்களும் சேர்த்துத்தான், இன்றும் அதையே மெல்லுகிறார்கள்.

கையால் சாப்பிட்டால் கொவிட் வரும் என்றால், ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறியைப் பிசைந்து அடிக்கும் நாம் எப்படித் தப்பித்தோம்? மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு விரலும் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது நெரிசல். அது விடுதியில் தாராளமாகக் கிடைத்தது. ஓர் அறையில் 12 முதல் 20 பேர், அடுக்குக் கட்டில்கள், கம்பியெல்லாம் ஈரத்துண்டு, பொதுக் கழிப்பறை. மேல்கட்டில்காரர் இருமினால் கீழே படுத்திருப்பவர் எங்கே ஓடுவார்? ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இது நோய் வந்த பிறகு உதித்த ஞானமும் அல்ல. ஊழியர் நலனுக்காகப் பாடுபடும் டிடபிள்யூசி2 அமைப்பு விடுதிகளின் ஆபத்தை மார்ச் மாதமே எச்சரித்தது. ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஆண்டு இறுதியில் வெளியான கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

பரவல் அடங்கியபோது ஊழியர்கள் கரண்டிக்கா மாறியிருந்தார்கள்? காலி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள், ராணுவ முகாம்கள், எக்ஸ்போ, மிதக்கும் தங்குமிடங்கள் என்று ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். அறை அறையாகப் பரிசோதித்தார்கள். சாப்பாட்டுப் பழக்கத்தை யாரும் தொடவில்லை.

"கும்பல்" என்கிறீர்களே, அது வாரம் முழுக்க வெயிலில் வெந்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும் நாலு பேரைப் பார்க்கவும் வரும் கூட்டம். மற்றவர்கள் சிராங்கூன் சாலையில் தீபாவளிச் சாமான் வாங்கிய காலத்திலும் அவர்களை விடுதிக்குள் வைத்தோம். வெளியே போக அனுமதி வாங்க வேண்டும் என்ற பொது விதி தளர்ந்ததே 2022 ஜூனில்தான். பிறகும் ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா வரத் தனிச்சீட்டு கேட்டோம்.

அரசாங்கமே பின்னர் விதியை மாற்றியது: புது விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். குற்றம் அறையுடையது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? பழைய விடுதிகள் அந்தத் தரத்தை முழுமையாக எட்டுவதற்குக் கொடுத்திருக்கும் கெடு 2040.