மருத்துவமாதின் மனதை யார் விசாரிப்பது?

எமது மூத்த மகள் பிறந்து நான்காம் நாள், கொளுத்தும் வெயிலில் குடையோடு வீட்டுக்கு வந்தார் எங்கள் பிரிவின் மிட்வைஃப். பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார். பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். தூக்கமின்றி அழுதுகொண்டிருந்த என் மனைவியின் கையைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்திய வாரம் அவரது பிரிவில் ஒரு தாய் பிரசவத்தில் மரணித்திருந்தார் என்பது பல வருடங்களுக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தது. விசாரணைக்கு அவரிடம் பதிவேடுகளைக் கேட்டார்களாம். அவர் எப்படி இருக்கிறார் என்று எவரும் கேட்கவில்லையாம்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், இந்நாட்டின் தாய் சேய் நலம் பொதுச் சுகாதார மருத்துவமாதுகளின் கால்நடையில்தான் வளர்ந்தது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய்மார் மரணங்கள் இன்று சில பத்துகளாகக் குறைந்துள்ளன. இதற்காக நாம் பெருமைப்படுகிறோம். ஆனால், அந்தப் பெருமையைச் சுமப்பவர்களை யார் தாங்குகிறார்கள்?

மருத்துவமாதுக்கு மேலே மேற்பார்வை மருத்துவமாது, தாதிய சகோதரி, சுகாதார வைத்திய அதிகாரி என்று படிகள் உள்ளன. நான் பேசிய சிலரின் அனுபவத்தில், மேற்பார்வை என்பது பெரும்பாலும் பதிவேட்டைத் திருத்துவதும், மாதாந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் குறைகளை வாசிப்பதுமே. வெற்றிடமான பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்ப்பவர், அங்கே தன் களைப்பைச் சொல்லத் துணிவாரா?

இங்கிலாந்து இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபர்ட் வைத்தியசாலைகளின் மகப்பேற்றுச் சேவை பற்றி டொனா ஒக்கண்டன் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, நல்ல பராமரிப்புக் கிடைத்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் உயிர் தப்பியிருக்கலாம் என்றது. குறைகளைப் பேச ஊழியர்கள் அஞ்சியதையும் அது பதிவு செய்தது.

அங்கே 2017இல் சட்டபூர்வ மேற்பார்வை முறை நீக்கப்பட்டு, சக ஊழியர்களுக்குத் துணைநிற்கப் பயிற்றப்பட்ட மருத்துவமாதுகள் நியமிக்கப்பட்டனர். கடினமான பிரசவத்துக்குப் பின் சக ஊழியரோடு தனியே அமர்ந்து, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது அவர்களது பணிகளில் ஒன்று. பரிவான தலைமைத்துவம் பற்றி எழுதிவரும் பேராசிரியர் மைக்கல் வெஸ்ட் அதனை நான்கு செயல்களாகச் சொல்கிறார்: கவனித்தல், புரிந்துகொள்ளல், உணர்வில் பங்கெடுத்தல், உதவுதல். பிறவிக் குணம் என்று விட்டுவிடத் தேவையில்லை, இவை பயிற்சியால் வரக்கூடியவை.

பரிவு காட்டினால் தவறுகள் மூடி மறைக்கப்படும் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை நேர்மாறானது. தண்டனைக்கு அஞ்சுபவரே தவறை மறைப்பார். எமது நாட்டின் தாய்மார் மரண மீளாய்வுகளும் பெயர் கூறாமை, பழி சுமத்தாமை என்ற கொள்கையையே கொண்டுள்ளன. அது மீளாய்வு மண்டபத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பணிமனைக்கும் வர வேண்டும்.

மேற்பார்வைக்கு உயர்த்தப்படுபவர்களுக்குப் படிவங்களோடு, சக ஊழியரைச் செவிமடுக்கவும் பயிற்சி தர வேண்டும். ஒரு மரணத்துக்குப் பின், விசாரணையிலிருந்து வேறாக, பயிற்றப்பட்ட மூத்த சகோதரி ஒருவர் அந்த மருத்துவமாதோடு சில நாட்களுக்குள் பேச வேண்டும். வெற்றிடங்களும் நிரப்பப்பட வேண்டும். இரண்டு பிரிவுகளைச் சுமப்பவருக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது.

எமக்கும் பங்குண்டு. ஊரில் ஒரு பிரசவம் பிழைத்தால், விசாரணை முடியுமுன் மிட்வைஃபின் பெயரை வட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் நாமே. அடுத்த முறை அவர் வாசலுக்கு வரும்போது, பிள்ளையின் நிறையைக் கேட்குமுன் ஒரு கதிரையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுத்து, “மிஸ், நீங்க சுகமா?” என்று கேட்போம். அவரது பணிமனையும் அதனைக் கேட்கப் பழகட்டும்.